கேரளாவுக்குப் போன தாழிகள்

கணினித் திரையில் வண்ணப் புள்ளிகளோடு ஒரு வரைபடம் வந்துவிட்டால் போதும், அதை வரைந்தவருக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடும். எனக்கு இரண்டு முளைத்திருந்தன.

தொல்லியல் படிப்பை முடித்த கையோடு, கம்பம் பள்ளத்தாக்கில் முதுமக்கள் தாழிகள் புதைந்திருக்கும் இடங்களைக் குறிக்கும் திட்டம் ஒன்றில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். அந்த இடங்களை வரைபடத்தில் ஏற்றும் ஜி.ஐ.எஸ். மென்பொருளைக் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. (கற்றுக்கொண்டிருந்தேன் என்பது இப்போது சொல்வது. அப்போது கேட்டிருந்தால் கரைத்துக் குடித்துவிட்டேன் என்றிருப்பேன்.)

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. திராட்சைப் பந்தலுக்குக் கல் ஊன்றக் குழி தோண்டினால் தாழி தட்டுப்படும் ஊர்தான். ஆனால் போய்க் கேட்டால், "தாழியா? அதெல்லாம் இங்கன ஏது?" என்பார்கள். தாழி இருப்பது தெரிந்தால் அரசாங்கம் தோட்டத்துக்கு வேலி போட்டுவிடும் என்று பயம். என் அப்பாவே, "நம்ம தோட்டத்துல ஒண்ணும் கெடையாது ஆத்தா, போயி வேற சோலியப் பாரு" என்று என்னை விரட்டியிருக்கிறார்.

புதிய இடங்கள் கிடைக்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். என் வேலையும் அதோடு போய்விடும். கடைசி முயற்சியாக எங்கள் பேராசிரியர், உத்தமபாளையத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் டீ, வடையோடு ஒரு கூட்டம் போட்டார். பழைய ஆய்வுக் குறிப்புகளில் இருந்த சில இடங்களை வரைபடமாக்கிக் காட்டி, ஊர்க்காரர்களைப் பேச வைப்பது என் பொறுப்பு.

காட்டினேன். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். அவ்வளவு அழகு! முன்வரிசையில் இருந்த அப்பா, பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்து என்னைக் காட்டினார்.

"பின்னாடி சாட்டிலைட் படத்தைப் போடும்மா. அவங்கவங்க தோட்டத்தை அவங்களே பார்க்கட்டும்" என்றார் பேராசிரியர். போட்டேன்.

தோட்டம் எதுவும் தெரியவில்லை. அடர்ந்த காடு தெரிந்தது. மாநில எல்லைக்கோடும் தெரிந்தது. எங்கள் ஊர்த் தாழிகள் மொத்தமும் கோட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருந்தன.

குறிப்புகளில் அட்சரேகை ஒன்பது பாகை நாற்பத்தெட்டு நிமிடம் என்று இருந்ததை நான் 9.48 என்று அடித்திருந்தேன். ஐந்தரை மணியை 5.30 என்று எழுதுகிற பழக்கம்தான். நிமிடத்தை அறுபதால் வகுத்த பிறகே புள்ளிக்குப் பின்னால் போட வேண்டும் என்பது முதல் வகுப்புப் பாடம். (அந்த வகுப்பில் நான் போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "ஏம்மா, ஆத்துத் தண்ணிக்கே அவுகளோட மல்லுக்கு நிக்கிறோம். நீ நம்ம தாழியவும் தூக்கிக் குடுத்துட்டியா?"

கூடமே கொதித்தது. வேலை போயிற்று, இனி ஊருக்குள் தலைகாட்டவும் முடியாது என்று முடிவு செய்து, லேப்டாப்பை மூடக் கை வைத்தேன்.

அப்போது அப்பா பொறுக்க முடியாமல் எழுந்தார். கையில் பாதி வடை.

"கேரளாவுல எப்பிடிய்யா இருக்கும்? என் தோட்டத்துல இருக்கு! மூணாவது பந்தலுக்குக் கீழ, நாந்தேன் மண்ணப் போட்டு மூடுனேன்!"

அவ்வளவுதான்.

"எங்க கெணத்து மேட்டுல ரெண்டு கெடக்கு!"

"அங்கன என்னத்தப் பாக்குறீக? எங்க புளியமரத்தடிக்கு வாங்க!"

அடுத்த ஊருக்கு விட்டுக்கொடுக்கவே மனசு வராதவர்கள், அடுத்த மாநிலத்துக்கு விடுவார்களா? இத்தனை நாள் மூடி வைத்ததெல்லாம் வடை தீர்வதற்குள் வெளியே வந்துவிட்டது. பேராசிரியர் எழுதிக் கை வலித்து உதறினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாவைக் கட்டிக்கொண்டு அழலாமா, பொய் சொன்னதற்குச் சண்டை போடலாமா என்றுதான் தெரியவில்லை.

யார் தோட்டத்துக்கும் வேலி வரவில்லை. இடத்தைக் குறித்தோம், படம் எடுத்தோம், நன்றி சொல்லிக் கிளம்பினோம். திட்டம் பிழைத்தது, நானும் பிழைத்தேன். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பு எடுப்பதே நான்தான். (போனை வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.)

வீட்டில்தான் இன்னும் விடுதலை இல்லை. அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தால் போதும், அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பார்: "நீங்க மண்ணப் போட்டு மூடுனீகளா, இல்ல ஒங்க மக கேரளாவுக்கு அனுப்பிட்டாளா?"