சேத்துப் போடவும்

சிதம்பரத்தின் பெருமை தூக்கிய ஒரு காலால் வந்தது. கடலூரின் பெருமையும் ஒரு காலால்தான் வரப்போகிறது. எங்கள் மனிதவள மேலாளர் கோவிந்தசாமி இப்படி முழங்கியபோது, பாத நலக் குழுவின் முதல் கூட்டத்தில் கூடியிருந்த நாங்கள் பயபக்தியோடு தலையாட்டினோம். தலை மேலே ஆட, மேசைக்கடியில் ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டிருந்தது.

எங்களுடையது கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், இறால் பதப்படுத்தும் ஆலை. உள்ளே தரை முழுக்க எந்நேரமும் ஐஸ் தண்ணீர். கம்பூட்ஸ் இல்லாமல் யாரும் நுழையக் கூடாது என்பது விதி. தண்ணீர் பூட்ஸுக்குள் நுழையக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. எனவே, நாற்று நடாமலும் சேற்றில் இறங்காமலும் எல்லோருக்கும் சேத்துப்புண் கிடைத்தது. விவசாயிக்கு மட்டுமே வாய்த்த ஒன்றைத் தொழிலாளிக்கும் வாங்கித் தந்த நிர்வாகத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

நான் அந்தக் குழுவின் செயலாளர். ஐஸ் பிரிவில் வேலை செய்யும் இளவரசு உறுப்பினன். காட்டுமன்னார்கோயில்காரன், என் தங்கை சத்யப்பிரியாவின் கணவன். கூட்டத்தில் முதலில் எழுந்தவன் அவன்தான்.

"சார், இன்னொரு ஜோடி பூட்ஸும் காஞ்ச சாக்ஸும் குடுத்தா போதும் சார். ஒண்ணு காயறதுக்குள்ள இன்னொண்ணப் போட்டுக்குவோம்."

கோவிந்தசாமி புன்னகைத்தார். அண்மையில்தான் புதுச்சேரியில் ஒரு விடுதியில் 'வெல்னஸ்' பயிற்சி முடித்து வந்திருந்தார்.

"இளவரசு, நீ பிரச்னைய பாக்கற. நான் வெல்னஸ்ஸ பாக்கறேன்."

இதற்குமேல் சாக்ஸைப் பற்றிப் பேசுவது நாகரிகமாக இருக்காது என்பதால் அடுத்த கட்டத்துக்குச் சென்றோம். சிதம்பரத்தில் இருக்கும் தோல் மருத்துவர் ரூமானாவை மேலாளர் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"பூஞ்சைக்கான சாதா கிரீம் போதும் சார்," என்றார் டாக்டர். "கால நல்லா கழுவி, விரல் இடுக்குல ஈரமில்லாம துடைச்சிட்டுப் போடணும். புண்ணு மேல மட்டும் இல்ல, பக்கத்துத் தோலையும் சேத்துப் போடணும். அரிப்பு நின்னவுடனே விட்டுடாதீங்க, அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் சேத்துப் போடணும். சுகர் இருக்கறவங்க மட்டும் தானா கடையில வாங்கிப் போடக் கூடாது, நேர்ல வந்து காட்டணும்."

"நம்ம ஆலையில சுகர் பேஷண்டே கிடையாது மேடம்," என்றார் மேலாளர்.

இளவரசு கையைத் தூக்கினான். அது கிரீம் வாங்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

டாக்டரின் அறிவுரையில் மேலாளரின் மனதில் தங்கியது ஒரே சொல். 'சேத்துப் போடணும்.' அதைச் சுமந்துகொண்டு அவரும் நானும் பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஒரு மெடிக்கலுக்குப் போனோம்.

"சேத்துப்புண்ணுக்கு கிரீம் வேணும். டாக்டர் சேத்துப் போடச் சொன்னாங்க."

"எத எதோட சேத்து சார்?" என்றார் கடைக்காரர்.

"அது உங்க டிப்பார்ட்மெண்ட். நீங்களே சேத்துக் குடுங்க."

"அப்போ இத எடுத்துக்கங்க. நாலு மருந்து ஒண்ணாச் சேத்தது. ஸ்டீராய்டும் இருக்கு. ராத்திரி போட்டா காலைல அரிப்பு 'யாரு நீ'ன்னு கேக்கும்."

"டாக்டர் சீட்டு வேணாமா?" என்றேன் நான்.

"சீட்டு எதுக்கு சார், நம்ம கடைதான?"

கடைக்காரரின் பரந்த மனதை மெச்சியபடி திரும்பினோம். டியூப் ஒன்று பூட்ஸ் அறையில் கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்டது. எல்லோரும் அதையே பிதுக்கி, அதே விரலால் தடவி, பக்கத்தில் தொங்கிய ஒரே துண்டில் துடைத்துக்கொண்டார்கள். வேலையில் வராத ஒற்றுமை வியாதியில் வந்தது.

அதிசயம் நிகழ்ந்தது. மூன்றே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பு மறைந்தது. இளவரசுவின் கால் பளபளவென்றிருந்தது. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காலைப் போட்டோ எடுத்து, ஆலை வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்தார். 'அரிப்பற்ற பாதம்! அதுவே எம் கீதம்!' கீழே மேலாளர் இரு கைகளையும் கூப்பி நின்றார். காலைக் கும்பிடுகிறாரா நம்மைக் கும்பிடுகிறாரா என்று தெரியாத அளவுக்கு அடக்கம் அந்தப் படத்தில் இருந்தது.

அரிப்பு நின்றதால் எல்லோரும் கிரீமை விட்டார்கள். ஒரு வாரத்தில் அரிப்பு சுற்றத்தாரோடு திரும்பி வந்தது. இளவரசுவுக்கு விரல் இடுக்கு வெடித்து, பாதத்தின் மேல்புறம் வரை பரவியது. மேலாளரிடம் போய்க் காட்டினான்.

"சார், தாங்க முடியல சார். எரியுது."

மேலாளர் கதவைச் சாத்தினார். "இளவரசு, உனக்கு அரிக்கலாம். ஃப்ளெக்ஸ்ல இருக்கற காலு அரிக்கக் கூடாது. புரியுதா? இன்னும் ஜாஸ்தியா போடு."

ஜாஸ்தியாகப் போட்டான். ஃப்ளெக்ஸின் மானம் காப்பாற்றப்பட்டது. கால் மட்டும் வீங்கியது.

தங்கை என் வீட்டுக்கு வந்து நின்ற கோலத்தை நான் மறக்க மாட்டேன்.

"அண்ணா, சுண்டு விரலு கருத்துப்போய் கெடக்கு. சுகரு இருக்கற மனுசன். ராவெல்லாம் அனத்துறாரு. நீதான செகரட்ரி? வெரல எடுத்துட்டா உங்க குழு ஒட்டவச்சுக் குடுக்குமா?"

குழுவின் விதிகளில் அதற்கு இடமில்லை. பேசாமல் இளவரசுவைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றினேன். வழி நெடுக அவன் செருப்பில்கூடக் காலை நுழைக்க முடியாமல் இருக்கைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

டாக்டர் ரூமானா காலைப் பார்த்தார். டியூபைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இத யாரு குடுத்தது?"

"நீங்கதான் மேடம்."

"நானா?"

"சேத்துப் போடச் சொன்னீங்களே."

டாக்டர் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "பக்கத்துத் தோலையும் சேத்துன்னேன். ரெண்டு வாரம் சேத்துன்னேன். ஸ்டீராய்ட சேத்துன்னா சொன்னேன்? அது அரிப்ப அமுக்கும், செவப்ப மறைக்கும். உள்ள பூஞ்சைக்குக் கல்யாண சாப்பாடு. இவரு சுகர் பேஷண்ட் வேற. வெடிப்பு வழியா சீழ் புடிச்சிருக்கு. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா வெரல எடுத்திருப்போம்."

இளவரசு மெதுவாகக் கேட்டான்: "இப்ப எடுக்க வேணாமில்ல மேடம்?"

"வேணாம். ஆனா இந்த டியூப குப்பையில போடுங்க. நான் எழுதித் தர்றத மட்டும் போடுங்க, சுகர கட்டுப்பாட்டுல வைங்க. துண்டு, சாக்ஸ் யாரோடயும் பகிர்ந்துக்காதீங்க. புண் ஆறற வரைக்கும் ஈர பூட்ஸ் கிட்டயே போகக் கூடாது. அதுக்கப்புறமும் தினம் காஞ்ச சாக்ஸ் வேணும். இல்லைன்னா எந்த மருந்தும் நிக்காது."

பஸ்ஸில் திரும்பும்போது அவன் அழுதான். விரல் பிழைத்த சந்தோஷம் என்றான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவசரக் கூட்டம். டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்து, காய்ந்த சாக்ஸைப் பற்றியும் சொன்னேன். மேலாளர் கவலையோடு கேட்டார். அவருடைய கவலை வேறு. வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். ஃப்ளெக்ஸில் உள்ள காலை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டால்?

"வேற ஒரு காலு வேணும்," என்றார். "எல்லாரும் பூட்ஸ கழட்டுங்க."

கழற்றினோம். என் காலையும் சேர்த்து, ஒரு காலும் தேறவில்லை. அறையில் நாற்றம் மட்டும் நிறைந்தது. மேலாளர் மூக்கைப் பொத்தியபடி யோசித்தார். பிறகு, ஒரு தியாகியின் நிதானத்தோடு, தன் தோல் செருப்பிலிருந்து வலது காலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அடடா! வெடிப்பில்லை, சிவப்பில்லை, விரல் இடுக்கில் ஒரு பொட்டு ஈரமில்லை. நாங்கள் கைதட்டினோம்.

வெள்ளிக்கிழமை அந்தக் கால் ஃப்ளெக்ஸில் ஏறியது. பெரியவர்கள் பார்த்து வியந்து, பாத நலத் திட்டத்தை மற்ற ஆலைகளுக்கும் விரிவாக்க உத்தரவிட்டார்கள். காலை மாற்றியதையும் சேர்த்து எல்லாவற்றையும் போனில் இளவரசுவுக்குச் சொன்னேன்.

"சாக்ஸு என்னாச்சு மச்சான்?" என்றான்.

"பரிசீலனையில இருக்கு மாப்ள."

இளவரசு சொன்னான்:

"ஏசி ரூம்ல ஒரு நாள் கூட நனையாத கால வாசல்ல மாட்டிட்டு, நனைஞ்சு அழுவுற கால எல்லாம் உள்ள தள்ளிக் கதவச் சாத்திட்டீங்க. நல்லா இருங்கடா."