எட்டு மணி மாத்திரை

காலை எட்டு மணிக்கு அலாரம் அடித்தபோது, ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் மறு கையில் சின்னத் தகரப் பெட்டியுமாகப் பூட்டுக் கடைக்காரன் சாவி படுக்கையறை வாசலில் நின்றான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாத்திரையை விழுங்க வேண்டிய மனைவி மட்டும் இல்லை.

அவள் விடிந்தும் விடியாமலும் மூன்று நாள் சூப்பர்வைசர் பயிற்சிக்குக் கிளம்பிப் போயிருந்தாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தவனே இவன்தான். பையைத் தூக்கிக் கொடுத்தான், "பத்திரம், பத்திரம்" என்று நாலு தரம் சொன்னான், பஸ் மறையும்வரை கையாட்டினான். மாத்திரையைக் கொடுக்கத்தான் மறந்துவிட்டான்.

பூட்டு ரிப்பேர்க் கடை வைத்திருப்பதால் தெருவே அவனைச் சாவி என்றுதான் கூப்பிடும். மனைவி பெரிய சரக்குக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறாள். ஷிப்ட் சூப்பர்வைசர் பதவிக்கான பட்டியலில் அவள் பெயர் இதற்கு முன் இரண்டு முறை வந்தது. முதல் முறை மகன் குறுக்கே வந்தான், இரண்டாம் முறை மகள். இரண்டும் தங்கமான பிள்ளைகள், குறை சொல்ல முடியாது. ஆனால் வந்த நேரம் அப்படி. பதவி இரண்டு முறையும் வேறு யாருக்கோ போய்விட்டது.

மூன்றாவது முறை பெயர் வரும் என்று பேச்சு அடிபட்டதுமே இருவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் பிரஷர் பார்த்தார், சிகரெட் உண்டா என்று கேட்டார், வேறென்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். பிறகு கர்ப்பத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"தினமும் ஒரே நேரத்துல போடணும். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா ஞாபகம் வந்த உடனே போட்டுக்கணும். புரியுதா?"

புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி இலாகாவைப் பிரித்தாள். "விழுங்கறது என் வேலை, ஞாபகம் வெச்சுக்கறது உங்க வேலை. பத்து மாசம் சுமக்கறதும் நானு, நாள் எண்ணறதும் நானா?"

நியாயம்தானே? சாவி ஒப்புக்கொண்டான். கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடும் இரண்டு வயது மகளுக்குப் பயந்து, அட்டையைத் தகரப் பெட்டியில் வைத்து, தன் கையாலேயே செய்த பூட்டு ஒன்றையும் மாட்டினான். அன்றிலிருந்து மாத்திரைக்கு அவன்தான் காவல்.

இப்போது மனைவிக்குப் போன் போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பயிற்சிக்கூடத்தில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவசரமாகச் சட்டை பேன்ட் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

வாசலில் மாமியார் பேத்திக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். "எங்க மாப்பிள்ளை, கால்ல சுடுதண்ணி ஊத்தின மாதிரி?"

"அவ மாத்திரைய விட்டுட்டுப் போயிட்டா அத்தை. குடுத்துட்டு வந்துடறேன். பிள்ளைங்களப் பார்த்துக்குங்க."

"என்ன மாத்திரை?"

மாமியாரிடம் எந்த மாப்பிள்ளை இதைச் சொல்வான்? "தலைவலி மாத்திரை" என்றான்.

"தலைவலிக்கா ரெண்டு பஸ் மாறிப் போறீங்க? அங்க கடையே கிடையாதா?"

"இது சாதாரணத் தலைவலி இல்ல அத்தை. அது வந்து... தல சுத்திக் கீழ விழற தலைவலி."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினான். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? அவன் பஸ் ஏறுவதற்குள் மாமியார் பயிற்சிக்கூடத்து எண்ணைத் தேடிப் பிடித்து, "என் பொண்ணு எந்த நேரமும் மயங்கி விழுவா, பார்த்துக்குங்க சார்" என்று அழாத குறையாகச் சொல்லி முடித்திருந்தார்.

பயிற்சிக்கூடத்து வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "பெட்டியில என்ன?"

"மாத்திரைங்க. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற என் வீட்டுக்காரிக்கு."

"திறந்து காட்டுங்க."

சாவி பாக்கெட்டைத் துழாவினான். ஊருக்கெல்லாம் சாவி செய்து கொடுக்கிறவனுடைய சாவி நேற்றுப் போட்ட பேன்ட்டில் இருந்தது. பரவாயில்லை, மெல்லிய கம்பி ஒன்று எப்போதும் அவனிடம் இருக்கும். நுழைத்தான், காதை வைத்துக் கேட்டான், ஒரு திருப்பு. பூட்டு வாயைப் பிளந்தது.

காவலாளி இரண்டடி பின்னால் போனார். "யோவ், யாருய்யா நீ?"

"பூட்டு ரிப்பேர் பண்றவன்."

"திருடனும் அதத்தான் சொல்லுவான்."

"என் பெட்டிய நானே எதுக்குங்க திருடப் போறேன்?"

காவலாளி பெட்டியை எட்டிப் பார்த்தார். அட்டையில் ஒரே ஒரு மாத்திரைதான் மிச்சம் இருந்தது. "இந்த ஒத்த மாத்திரைக்கா இவ்வளவு அமர்க்களம்? வெச்சுட்டுப் போங்க. சாயங்காலம் வகுப்பு முடிஞ்சதும் குடுக்கறேன்."

"சாயங்காலமா! மணி இப்பவே பத்தாச்சு. ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்துங்க!"

"உயிருக்கா?"

உயிர் என்றால் உயிர்தான், புதிதாக வரக்கூடிய உயிர். அதை இந்த ஆளிடம் விளக்க முடியுமா? "ஆமா" என்றான்.

"நெஞ்சு வலியா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

காவலாளியின் முகம் மாறிவிட்டது. பாய்ந்துபோய் மைக்கைப் பிடித்தார். "கவனிக்கவும்! ஃபோர்க்லிஃப்ட் பிரிவிலிருந்து வந்திருக்கும் அம்மாவின் இதய நோய் மாத்திரை வாசலுக்கு வந்துள்ளது! உடனே வரவும்!"

வளாகம் முழுக்க ஒலிபெருக்கி. பயிற்சிக்கு வந்த முப்பது பேரும் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். முதலுதவி அறை நர்ஸ் பிரஷர் கருவியோடு ஓடி வந்தார். கடைசியாக மனைவியும், அவள் பின்னால் பயிற்சி அதிகாரியும் வந்தார்கள்.

"காலையில உங்கம்மா போன் பண்ணி, மயங்கி விழுவீங்கன்னாங்க" என்றார் அதிகாரி. "இப்ப இதய நோய்ங்கறாங்க. மெஷின் ஓட்டறவங்களுக்கு இந்த மாதிரி இருந்தா நான் எப்படிம்மா பயிற்சியில வெச்சுக்கறது? வீட்டுக்குப் போய் உடம்பப் பாருங்க. அடுத்த தடவை பார்க்கலாம்."

"சார், எனக்கு ஒரு வியாதியும் இல்ல சார்!"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

மனைவி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் கண்கள் கலங்கியிருந்தன. ஆறு வருடம் காத்திருந்தவள். பிள்ளைகள் தடுக்காதபோது தன் வாயே தடுத்துவிட்டதே என்று சாவிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்று கேள்விப்பட்டிருக்கிறான், இங்கே மண்வெட்டியைக் கொடுத்தவனே அவன்தான். வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"சார்! இவளுக்கு ஒரு நோயும் இல்ல. நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொன்னேன். இது கர்ப்பத்தடை மாத்திரை!"

மைக்கைக் காவலாளி இன்னும் அணைக்கவில்லை. "...தடை மாத்திரை" என்று ஒலிபெருக்கி வளாகத்தின் கடைக்கோடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. தூரத்தில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷின் நின்றது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அப்ப... அப்ப உடம்பு நல்லாத்தான் இருக்கு. போங்கம்மா, போட்டுக்கிட்டு வகுப்புக்கு வாங்க."

கூட்டத்தில் ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள்: "என் வீட்டுக்காரருக்கு நான் மாத்திரை போடறேன்னே தெரியாது. இவரு ரெண்டு பஸ் மாறிக் கொண்டு வந்திருக்காரே!"

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காவலாளியின் தண்ணீர் பாட்டிலை வாங்கி, முப்பது பேர் பார்க்க மாத்திரையை விழுங்கினாள்.

"ரெண்டே கால் மணி நேரம்தான் லேட்" என்றான் சாவி, நெஞ்சு நிமிர. "ஞாபகம் வந்த உடனே போட்டாச்சு. இனிமே ஒரு பயமும் இல்ல. நீ சூப்பர்வைசரா வீட்டுக்கு வந்து சேரு."

நர்ஸ் காலி அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இவங்க இப்ப முழுங்கின கடைசி வாரத்துக் காவி மாத்திரை வெறும் இரும்புச் சத்து, அதப் போடாட்டியும் ஒண்ணும் ஆகியிருக்காது, தவறவே கூடாதது நாளைக் காலையில ஆரம்பிக்கற புது அட்டைதான், அத எங்க வெச்சிருக்கீங்க?"