பட்டாணிச் சூப் நிறக் காரை விற்ற விவரம்

லவுத், லிங்கன்ஷயர்
14 மே 2011

அன்புள்ள தம்பி லயனலுக்கு,

அண்ணன் எட்கர் எழுதுகிறேன். இங்கே நானும், உன் அண்ணி மேவிஸும், நவம்பரில் எனக்குப் பொருத்திய புது இடுப்பு மூட்டும் நலம். அடிலெய்டில் நீயும் உன் முழங்காலும் உன் ஆரஞ்சு மரங்களும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். கார் இன்னும் ஓடுகிறதா? நான் ஒரு தடவை வந்துவிட்டுப் போகட்டுமா? மே மாதம் வரை பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். முதல் கேள்விக்கான பதில் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே இருந்தது. இனி மாறாது. காரை விற்றுவிட்டேன்.

நீ ஆஸ்திரேலியா போன மறுவருடம் அது ஏழு மரப்பெட்டிகளில் வந்து இறங்கியது, நீ அதைப் பார்த்ததே இல்லை. வாங்கியவரே வீட்டில் பாகங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டிய ஸ்போர்ட்ஸ் கார். விளம்பரத்தில் 'ஆறு வார இறுதிகளில் முடிக்கலாம்' என்று போட்டிருந்தான், எனக்கும் மகன் காலினுக்கும் மூன்று வருடம் ஆயிற்று. செய்முறைப் புத்தகத்தில் பதினாலாம் பக்கம் இல்லை, பிரேக் பற்றிய பக்கம் அதுதான் என்று பதினைந்தைப் படித்த பிறகே தெரிந்தது. பந்தயக் கார் பச்சை என்று நம்பி வாங்கிய பெயின்ட் காய்ந்ததும் பட்டாணிச் சூப் நிறத்துக்கு வந்துவிட்டது. கதவு கிடையாது, காலைத் தூக்கிப் போட்டு உள்ளே இறங்க வேண்டும். கான்வாஸ் கூரையை மாட்ட இரண்டு பேரும் பதினோரு நிமிடமும் தேவை, அதற்குள் மழை நின்றுவிடும், அல்லது நாங்கள் நனைந்து முடித்திருப்போம். மேவிஸ் குளியல் தொப்பி போட்டுக்கொண்டுதான் ஏறுவாள். மேப்பிள்தார்ப் கடற்கரையில் ஒரு நாள் அவளைக் குளியல் தொப்பியும் குடையுமாகப் பார்த்த ஒரு கிழவர், "அம்மா, கடல் அந்தப் பக்கம்" என்று வழி காட்டினார். அன்றிலிருந்து அவளுக்கும் காருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மின் வயர் வேலை முழுவதும் காலின் செய்தது. பதினெட்டு வயதுப் பையன், 'நீங்க கை வெச்சா கெட்டுடும்பா' என்று என்னைக் கிட்டவே விடவில்லை. கார் சாலைக்கு வந்த கோடையில் அவனும் நானும் மாற்றி மாற்றி ஓட்டினோம். அடுத்த பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோய் அவனைக் கொண்டுபோனது உனக்குத் தெரியும். அடக்கத்துக்கு நீ வர முடியாமல் போனதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை.

சரி, விற்ற கதைக்கு வருகிறேன். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மேவிஸ் சர்ச்சுக்குப் பூ அடுக்கப் போயிருந்தாள். அறுவை செய்த டாக்டர் மூன்று மாதம் பொறு என்றார், நான் நான்கு மாதம் பொறுத்தாயிற்று என்று காரில் காலைப் போட்டேன். உள்ளே இறங்கியது சுலபமாகத்தான் இருந்தது. ஊரைச் சுற்றி வந்து வாசலில் நிறுத்தினேன். எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தேன், ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், அந்தப் புது மூட்டு அசைந்துகொடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் என் வீட்டு வாசலில், என் காரில், பொம்மைபோல உட்கார்ந்திருந்தேன். பூசை முடித்துப் பாதிரியார் அந்த வழியாகப் போனார். "என்ன எட்கர், வெளியே கிளம்பியாச்சா?" என்றார். "வெளியே வரத்தான் முடியலைங்க" என்றேன். அவர் அதை ஆன்மிகக் கஷ்டம் என்று எடுத்துக்கொண்டு, "எல்லாருக்கும் அப்படி ஒரு காலம் வரும், தைரியமா இருங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். கடைசியில் மேவிஸ் வந்து ஆள் கூப்பிட, பக்கத்து வீட்டு பானிஸ்டரும் அவர் மருமகனும் என் அக்குளுக்கடியில் கடற்கரைத் துண்டைக் கொடுத்து, கேரட் பிடுங்குவதுபோல என்னைப் பிடுங்கினார்கள். மேவிஸ் ஒன்றும் திட்டவில்லை. துண்டை மடித்துக்கொண்டே, "போதும் எட்கர், வித்துடு" என்றாள்.

விளம்பரம் கொடுத்தேன். முதலில் வந்தவன் காருக்கடியில் நாற்பது நிமிடம் படுத்திருந்தான், வெளியே வந்து இரண்டு கோப்பை டீ குடித்தான், "நல்ல கேக்" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்து ஒரு தம்பதி. அந்தப் பெண் உட்கார்ந்து பார்த்து, "மழை பெஞ்சா என்ன பண்றது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மேவிஸ் உள்ளே போய்க் குளியல் தொப்பியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். அவர்களும் போய்விட்டார்கள். உண்மையைச் சொன்னால் ஒவ்வொருவர் போனபோதும் எனக்கு உள்ளூர நிம்மதி.

போன சனிக்கிழமை பிரிஜெட் என்று ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் குளிர்பதனக் கிடங்கில் எலக்ட்ரீஷியன். காரைச் சுற்றி வந்தாள், பெயின்ட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். கூட ஒருவர் போக வேண்டுமே, என்னாலோ ஏற முடியாது. அப்போது மேவிஸ் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, "நான் போறேன்" என்றாள். பத்து வருடமாக அதில் காலை வைக்காதவள்! தொப்பிகூடப் போடவில்லை. இருவரும் போனார்கள். இருபது நிமிடம் கழித்துத் தெருமுனையில் பீப், பீப், பீப் என்று ஹாரன் கேட்டது.

அதைச் சொல்லவில்லையே. அந்தக் காரில் இடது பக்கம் திரும்ப விளக்கைப் போட்டால், விளக்கு மின்னுகிறபோதெல்லாம் ஹாரனும் அடிக்கும். காலின் ஒரு வயரை மாற்றி மாட்டிவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு தடவை சவ ஊர்வலத்துக்குப் பின்னால் இடது பக்கம் திரும்பி, இறந்தவரின் மச்சானிடம் அடி வாங்க இருந்தேன். சரிசெய்யத் தெரியாமல் இல்லை, லயனல். வருடா வருடம் வாகனச் சோதனைக்கு முன்னால் அந்த வயரைக் கழற்றுவேன், சான்றிதழ் வாங்கி வந்ததும் மறுபடி மாட்டிவிடுவேன். இருபத்துமூன்று வருடம். மேவிஸும் ஒரு நாளும் அது ஏன் என்று கேட்டதில்லை.

பிரிஜெட் இறங்கி, "வண்டி ஜம்முன்னு இருக்கு. வயர்தான் ஒண்ணு மாறிக் கெடக்கு. அஞ்சு நிமிஷ வேலை, இப்பவே மாத்திடறேன்" என்று பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"தொடாதே!" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் ஓரடி பின்வாங்கினாள். "இந்த வண்டி விலைக்கு இல்லம்மா, போயிட்டு வா. அது என் பையன் செஞ்ச தப்பு. அது அப்படியேதான் இருக்கும்."

மேவிஸ் என்னையே பார்த்தாள். "தப்பா? இத்தனை வருஷமும் தப்புன்னா நெனச்சுக்கிட்டிருந்தே?"

"பின்னே?"

"எட்கர், நான் சொல்லித்தான் அவன் அப்படி மாட்டினான். நீ வண்டியைத் தூக்கிட்டுப் போனா எப்ப திரும்புவேன்னு கடவுளுக்கே தெரியாது. நான் முட்டையைப் போட்டுப் போட்டுக் கருக்கிட்டிருந்தேன். காலின்கிட்ட அழுதேன். 'அம்மா, அப்பா மெயின் ரோட்டுலேர்ந்து நம்ம தெருவுக்குள்ள இடது பக்கம் திரும்பித்தானே ஆகணும், சமையல்கட்டுக்குக் கேக்கற மாதிரி பண்ணிடறேன், கேட்டதும் முட்டையைப் போடு'ன்னான். 'அப்பாகிட்ட சொல்லாதே, தானா கண்டுபிடிக்கட்டும்'னு சிரிச்சான். நீ கண்டுபிடிச்சிட்டேன்னு நெனச்சேன். அதனாலதான் மாத்தாம வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேவிஸ்."

"அவன் பேரை எடுத்தா நீ எழுந்து கராஜுக்குப் போயிடுவே. எப்ப சொல்றது?"

இந்த வீட்டில் நான் சாப்பிட்ட சூடான முட்டை அத்தனையும் அந்தப் பையன் கொடுத்தது. நானோ அவன் செய்யாத ஒரு தவறை இருபத்துமூன்று வருடமாக மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிரிஜெட் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டாள். "நான் அதைத் தொடவே மாட்டேன் சார். அப்படியே ஓட்டிக்கறேன்" என்றாள். "உன் வீட்டுல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டேன். "யாருமில்ல. ஒரு பூனை. அதுக்கு ஹாரன்னா பயம்" என்றாள். மேவிஸ் சிரித்துவிட்டாள். நான் பிரிஜெட்டிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கினேன். கிரிம்ஸ்பியில் அந்த ஹாரன் யாரைக் கூப்பிடும்? காரில் ஏற முடியாதவன், காரின் பக்கச் சுவர்மேல் மெத்தையைப் போட்டுக் குப்புறப் படுத்து, தலையை மட்டும் ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைத்தேன். மேவிஸ் டார்ச் பிடித்தாள். காலின் அந்த வயரைக் கறுப்பு டேப்பால் எவ்வளவு நறுவிசாகச் சுற்றியிருந்தான் தெரியுமா? வருடா வருடம் கழற்றியும் நான் அதைக் கவனித்துப் பார்த்ததில்லை. கடைசி முறையாகக் கழற்றினேன். அந்த இரண்டங்குல டேப்பை மேவிஸ் வாங்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். என்னை எழுப்ப மறுபடி பானிஸ்டரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

பிரிஜெட் காரை ஓட்டிக்கொண்டு போனாள். நாங்கள் வாசலில் நின்றோம். தெருமுனையில் நின்று, இடது பக்க விளக்கு மின்ன மின்ன, சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டாள். மேவிஸ் என் கையைப் பிடித்திருந்தாள்.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. கராஜில் இப்போது உருளைக்கிழங்கு மூட்டை வைத்திருக்கிறோம். இருவரும் தெம்பாக இருக்கிறோம், நன்றாகத் தூங்குகிறோம். இந்த வயதில் அவ்வளவு தூரம் விமானத்தில் வந்து நீ முழங்காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நீயும் உன் மரங்களும் நிறைந்து காய்த்து நீண்டகாலம் இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

என்றும் அன்புடன்,
எட்கர்

பி.கு.: மேவிஸ் மேலே உள்ளதைப் படித்துவிட்டு, கடைசிப் பத்தி முழுக்கப் பொய் என்கிறாள். நாங்கள் தூங்குவதில்லை. காரை விற்றதிலிருந்து காலினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள், எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன், ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. அவனுக்குப் பதினைந்து வயதில், நீ கப்பலேறுவதற்கு முந்தைய வருடம், ஹல் நகரில் உன்னோடு இரண்டு வாரம் தங்கியிருந்தான் இல்லையா? அந்த இரண்டு வாரம் எங்கள் இருவரிடமும் இல்லை. கிளம்பி வா, லயனல். என்ன சாப்பிட்டான், எதற்குச் சிரித்தான், அது போதும். வந்து சொல்லு.