ரசமட்டம் அண்ணாச்சியின் இடது பின் சக்கரம்

அந்த நாளில் திருநெல்வேலி டவுணில் நேராக நின்றவை இரண்டே இரண்டு. ஒன்று நெல்லையப்பர் கோவில் கோபுரம். மற்றது ரசமட்டம் அண்ணாச்சியுடைய காரின் இடது பின் சக்கரம். கோபுரத்தைப் பற்றி அண்ணாச்சிக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

வாய்க்கால் சரிவை அளக்கும் ஓவர்சியர் அவர். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் கட்டை, அந்த ரசமட்டத்தில் சிறியது ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும். கல்யாணப் பந்தியில் இலையை ஒதுக்கிவிட்டு மேசையில் அதை வைப்பார். "எனக்கு ரசம் ஊத்தாதேயும் வே. எதிர்த்தாப்புல இருக்கவன் மடிக்குத்தான் போவும்." அல்வாக் கடையில் ஒருமுறை தீர்ப்பே சொன்னார்: "தராசு யோக்கியம்தான். அது நிக்கிற பலகைதான் கோணல்."

இந்த மனிதர்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மலை எஸ்டேட்டை விட்டுப் போன மேனேஜர் ஒருவரிடம் அந்தக் காரை வாங்கினார். ரத்தச் சிவப்பு. இரண்டே இருக்கை. கூரை கிடையாது. ரதவீதியில் அது வரும்போது, காயப்போட்ட மிளகாய் வத்தல் பாயோடு எழுந்து ஓடுவதுபோல இருக்கும். வண்டி புலிபோலப் பதுங்க வேண்டும் என்று ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினார். வண்டி பதுங்கியது. ஆனால் பின் சக்கரங்கள் இரண்டும் தலை உள்ளே சாய்ந்து, பயில்வான் போலக் காலை அகட்டிக்கொண்டன.

அந்த லட்சணத்தில்தான் தன் மனைவியை, எங்கள் மதினியை, ஏற்றிக்கொண்டு அவள் பிறந்த ஊரான கல்லிடைக்குறிச்சிக்குக் கிளம்பினார். சேரன்மகாதேவி வளைவில் வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியே எங்கோ போகப் பார்த்தது. மதினி மடியில் வைத்திருந்த தூக்குச்சட்டி ரசம் முழுக்கப் பட்டுச்சேலையில். இறங்கினாள். சேலையை உதறினாள்.

"இந்தா பாருங்க, இந்த வண்டி என்னைக்கு ஒழுங்கா ஓடுதோ, அன்னைக்கு ஏறுதேன். அதுவரைக்கும் எனக்கு பஸ்ஸு இருக்கு."

அதன்பின் மாதம் ஒருமுறை அந்த ஊர்வலம் நடக்கும். முன்னால் பஸ், கடைசி சீட்டில் மதினி. பின்னால், புகையைக் குடித்துக்கொண்டு, பக்கத்து இருக்கை காலியாக, அண்ணாச்சி. கண்டக்டர் விசில் கொடுக்குமுன் கேட்பாராம், "யக்கா, அத்தான் வந்துட்டாவளா? போவலாமா?"

சக்கரத்தை நிமிர்த்த ஒரே வழி, அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புக் கையை மாற்றுவது. எந்தக் கை? இதில் கரைந்தன இரண்டு வருஷம். வண்டியோடு வந்த கை நீளம் மாறாது. நட்டைத் திருகினால் நீளும், குறுகும் கைகள் உண்டு என்று துபாயிலிருந்த அவர் மச்சினன் எழுதினான். இரண்டு ஜோடி அனுப்பியும் வைத்தான். ஒன்றின் முனையில் ரப்பர். மற்றதன் முனையில் எஃகுக் குண்டு.

எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த டைப்பிஸ்டான நான் இதற்குள் எப்படி விழுந்தேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கீழிருந்து குரல் வந்தது.

"உம்ம எடை என்ன வே?"

"அம்பத்தி நாலு, அண்ணாச்சி."

அவர் பையிலிருந்து ஜங்ஷன் ஸ்டேஷன் எடை இயந்திரத்துச் சீட்டை எடுத்தார். மதினியுடையது. ஐம்பத்து நாலு. கடவுளைக் கண்டவர் போலக் கைகூப்பினார். "எறங்கி வாரும்!"

மதினி உட்காரும் இடப்பக்கம் ஆள் ஏறினால் வண்டி தாழும், தாழ்ந்தால் அந்தப் பக்கத்துச் சக்கரம் சாயும். ஆகவே மதினியின் எடையை ஏற்றி வைத்துத்தான் அளக்க வேண்டும். ஞாயிறு தவறாமல் நான் அவர் மனைவியாக உட்கார்ந்தேன். அசையக்கூடாது. தும்மக்கூடாது. "நேத்து ராத்திரி பரோட்டா தின்னேரா? குமிழி தள்ளுது வே" என்று சக்கரத்தடியிலிருந்து குரல் வரும். எதிரே கடந்துபோகும் மதினி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். "என் எடத்துல சவுரியமா இருக்கியளா தம்பி?"

முதலில் எஃகுக் குண்டு. ஒரு தலைமுடி அளவுகூடக் கோணம் மாறாது என்பதில் அண்ணாச்சிக்குப் பரவசம். பேட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு குழியும் என் கடைவாய்ப் பல்வரை வந்து விசாரித்துவிட்டுப் போனது. சத்தத்தில் ஒரு எருமை வயலில் இறங்கிவிட்டது. மேலப்பாளையத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம்; பட்டறைக்கார பாய் வண்டிக்கடியில் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இது பந்தய ரோட்டுல ஓடுத வண்டிக்கு உள்ளது. நம்ம ரோட்டு மண்ணு உள்ள போச்சுன்னா நாலு மாசத்துல லொடலொடன்னு ஆடிரும். ரப்பரு லேசா நெளியும், ஆனா தாங்கும். அதை மாட்டி, அளவு பாத்து, நட்டை வெல்டு வச்சு மூடிருவோம். பெறவு நீங்களே நெனச்சாலும் திருவ முடியாது. ஊருக்கே நிம்மதி."

"ரப்பரு சரி. வெல்டு வேண்டாம்."

"ஏன்?"

"மனுசி எடை மாறும்லா?"

பட்டறையே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ரப்பர் கை மாட்டியதும் மதினி வந்தாள். கையில் சொம்பு. வாய்வரை ரசம். மூடி இல்லை. மடியில் வைத்து ஏறிக்கொண்டாள். "போங்க, பாப்போம்."

இரண்டே இருக்கை என்பதால் நான் பஸ்ஸில் போனேன், கடைசி சீட்டில். பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தேன். ஆற்றங்கரைப் பச்சை நடுவே அந்தச் சிவப்பு, வளைவுக்கு வளைவு படிந்து வந்தது. அண்ணாச்சி ரோட்டையும் பார்க்கவில்லை, பஸ்ஸையும் பார்க்கவில்லை. சொம்பையே பார்த்தார். நாங்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தது காந்திமதி அம்மன் புண்ணியம்.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கிச் சொம்பை நீட்டினாள். பாதிதான் இருந்தது. அண்ணாச்சி முகம் செத்துப்போனது.

"எங்கன சிந்திச்சு?"

"சிந்தலையே. நாந்தான் குடிச்சேன். ஆறிப்போயிரும்லா."

அதற்குப் பிறகு எனக்கு மதுரைக்கு மாற்றலாயிற்று. கல்யாணம் ஆயிற்று, எடையும் ஏறியது. நாலைந்து வருஷம் கழித்து ஒருநாள் டவுணுக்கு வந்தேன். கார் அதே இடத்தில். பக்கத்து இருக்கையில் மதினியின் பழைய சேலை விரித்து, அதன்மேல் செங்கற்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரு இனி ஆவ மாட்டீரு வே. அதான் செங்கல். ஒண்ணு மூணு கிலோ. பதினெட்டு வச்சேன்."

எண்ணினேன். பதினைந்துதான் இருந்தன.

"அவளுக்கு மேலுக்குச் சொகமில்லே. சாப்பாடு எறங்க மாட்டேங்கு" என்றார், சக்கரத்தைப் பார்த்தபடி. "ஆஸ்பத்திரிக்கு இதுலதான் கூட்டிட்டுப் போறேன். குலுங்கப்படாதுல்லா." குனிந்து, நட்டைப் பைய ஒரு கால் சுற்றுத் திருப்பினார். எதிரே வராந்தாவிலிருந்து மதினி என்னைப் பார்த்துக் கையாட்டினாள். வளையல் முழங்கைவரை இறங்கியது.

அதன்பின் ஏதோ சாக்குச் சொல்லி மாதாமாதம் திருநெல்வேலிக்கு வந்தேன். வந்ததும் அவர் வீட்டு வாசலில் நிற்பேன், கதவைத் தட்டமாட்டேன். முதலில் அந்த இருக்கையை எட்டிப் பார்ப்பேன்.

பதினைந்து. பதினைந்து. பதினான்கு. பிறகு ஒரு பங்குனிக் காலை, வெயில் ஏறுமுன், ஒருமுறைக்கு இருமுறை விரல்வைத்து எண்ணினேன்.

பதினாறு.