கோர்வைக்கு வீடு பார்த்த பிணைச்சல்காரர்

காஞ்சிபுரத்தில் அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குப் பெண் கிடைப்பது சுலபம். அரசாங்க உத்தியோகம் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம் கஷ்டம். பிணைச்சல்காரரிடமிருந்து ஒரு பூனைக்குட்டியை வாங்குவது மட்டும் நடக்காத காரியம். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் பெரிய காஞ்சிபுரத்தில் வயதான யாரையாவது விசாரித்துப் பார்க்கலாம். பதில் வருவதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு வரும். அவரும் ஒரு காலத்தில் பூனை கேட்டுப் போய், லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவராக இருப்பார்.

அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. நெசவாளர் தெரு ஒன்றில், பிணைச்சல்காரர் வீட்டு மாடி அறையில் நான்கு வருஷம் குடியிருந்தேன். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. பிணைச்சல் அவருடைய தொழில். தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூலான பாவு ஒன்று நெய்து முடிந்ததும் அதை அடியோடு அறுத்து எறிந்துவிட மாட்டார்கள். பழைய பாவின் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். இப்படி வீடு வீடாகப் போய் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால், எந்த வீட்டில் யார் யாரை முறைக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துபடி.

பட்டு நெய்கிற தெருவில் பூனை வளர்ப்பது பஞ்சு மண்டியில் உட்கார்ந்து பீடி பிடிப்பது மாதிரி. தொங்குகிற நூலைக் கண்டால் பூனைக்குக் கை சும்மா இராது. அந்தத் தெருவில்தான் இவர் பூனைகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தினார். அதுவும் நல்ல பூனையாக ஒன்றையாவது கொண்டுவந்தாரா என்றால் இல்லை. சொறி பிடித்தது, வண்டிச் சக்கரத்தில் கால் போனது, தாய் விட்டுப் போனது, சாயக்காரர்கள் வாளியில் விழுந்து பச்சையாக வந்தது, எல்லாம் இவர் மடியில் வந்து சேரும். கீழ்க்கூடம் முழுக்கக் கூடைகள். பேதிக்கு ஒரு மூலை, சொறிக்கு ஒரு மூலை. பாலைத் திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார். எனக்குப் பூனை என்றால் ஆகாது. மாடிப்படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவற்றைத் திட்டுவேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

முற்றிய கேஸ்களை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார். எருமைக்கும் காளைக்கும் நடுவில் கூடையோடு வரிசையில் நிற்பார். அங்கே ரிஜிஸ்டரில் மாடு, எருமை, ஆடு என்று மூன்று கட்டம்தான் உண்டு. பூனைக்குக் கட்டம் இல்லை. கம்பவுண்டர் யோசித்து எல்லாவற்றையும் ஆடு என்று எழுதிக்கொண்டார். ஒருநாள் மேலதிகாரி ஒருவர் தணிக்கைக்கு வந்து, நெசவாளர் தெருவில் ஒரே ஆள் இத்தனை சீக்காளி ஆடுகளை எப்படிக் கட்டி வைத்திருக்கிறார் என்று பார்க்க வீட்டுக்கே வந்துவிட்டார். இவர் கூடைகளைக் காட்டினார். இதுங்களா ஆடு என்று அதிகாரி கேட்டார். "ரிஜிஸ்டர்ல ஆடுதான் சார். வூட்டுக்கு வந்தா பூனையா ஆயிடுது" என்றார் இவர். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது, தேறிய குட்டி ஒன்றைத் தனக்குத் தரமுடியுமா என்று ஆசையாகக் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டார் இவர். அரசாங்க உத்தியோகஸ்தர்கள் மாற்றலாகிப் போகிறவர்கள், பூனைக்கு ஊர் மாறினால் ஒத்துக்கொள்ளாது, அவர்களுக்குக் குட்டி கொடுப்பதில்லை என்பது அவருடைய சட்டம்.

தேறிய பூனைக்கு வீடு பார்ப்பதற்கு அவர் கையாண்ட முறை இது. பிணைச்சலுக்குப் போகும்போது பூனையையும் மூடிய கூடையில் கொண்டு போவார். வேலை முடியும்வரை கூடை தறிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அந்த வீட்டுச் சத்தத்தில் பூனை அயர்ந்து தூங்கினால் முதல் பரீட்சை பாஸ். அப்புறம் வீட்டாருக்குக் கேள்விகள். ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் எலித் தொல்லை தாங்காமல் பூனை கேட்டு ஆளனுப்பாமல் தானே வந்தார். "எலியெல்லாம் தீந்து போச்சுன்னா அப்புறம் இத்த இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார் இவர். கடைக்காரர் பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் பூனை கூடைக்குள் திரும்பப் போயிருந்தது.

எல்லாப் பரீட்சையிலும் தேறியவர்களுக்குப் பூனையோடு இவருடைய வேட்டியிலிருந்து ஒரு சாண் துணியும் கிழித்துக் கொடுப்பார். பழைய பாவின் நுனி இல்லாமல் புதுப் பாவு தறியில் ஏறாது, பூனையும் அப்படித்தான், பழைய இடத்து வாசனை கொஞ்சம் கூடப் போனால்தான் புது இடத்தில் ஒட்டும் என்பார். இதனால் ஒவ்வொரு பூனை கரையேறும்போதும் வேட்டி ஒரு சாண் குறையும். தீபாவளிக்குப் புது வேட்டி வருவதற்குள் அது முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கும். பிறகு மூன்று தடவை சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பூனையைப் பார்த்துவிட்டு வருவார். மூன்றாவது தடவையோடு சரி. அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் பிணைச்சலுக்குப் போனாலும் பூனையைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அது அவர்கள் பூனை ஆகிவிட்டது என்று அர்த்தம்.

இப்படி எத்தனையோ உருப்படிகளைக் கரையேற்றியவருக்கு ஒன்று மட்டும் நிலுவையில் நின்றது. அதற்குக் கோர்வை என்று பெயர். சேலையின் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் சேர்த்து நெய்வதைக் கோர்வை என்பார்கள். இது நடுவில் வெள்ளை, இரண்டு பக்கமும் கறுப்பு. ஒரு கண் கிடையாது. தேர் நிறுத்துமிடத்தில் குற்றுயிராகக் கிடந்ததை எடுத்து வந்தார். உடம்பு தேறியும் இருமல் போகவில்லை. அது இருமினால் என் ஆபீஸ் சூப்பிரண்டு வந்துவிட்டாரோ என்று நான் எழுந்து நின்றிருக்கிறேன்.

ஒருநாள் விடிகாலையில் எதிர்வீட்டுத் தறி முதலாளியின் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தச் சேலைக்கான பாவு. கோர்வை ஓர் அணிலைத் துரத்திக்கொண்டு வந்து, கண் இல்லாத பக்கமாக அதற்குள் பாய்ந்துவிட்டது. பதறிப் போய் அது உதற, இழைகள் பட் பட்டென்று அறுந்தன. பிடித்து வெளியே எடுப்பதற்குள் உடம்பெல்லாம் கஞ்சி. வெயிலில் காய்ந்ததும் அது சலவைக்குப் போட்டு வந்த சட்டை மாதிரி விறைத்து, உட்காரவும் முடியாமல் தெரு நடுவில் நின்று இருமியது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிணைச்சல்காரர் சிரிக்கவில்லை. அறுந்த இழைகளைச் சாயங்காலம்வரை தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டிக் கொடுத்தார்.

முதலாளிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தெருவே கேட்கும்படி சொன்னார்: "வர்ற அமாவாசைக்குள்ள இது தெருவ வுட்டுப் போவணும். இல்லாங்காட்டி கோணியில கட்டித் தாமல் ஏரிக்கரையில வுட்டுட்டு வந்துடுவேன்."

அமாவாசையன்று தறிகளுக்கு லீவு. கோணி பிடிக்க ஆட்களுக்குப் பஞ்சமிராது. ஒற்றைக் கண்ணும் இருமலுமாக இருக்கிற பூனை ஏரிக்கரை நாய்களிடம் ஒரு ராத்திரிகூடத் தாக்குப் பிடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். தெருவில் மனசு கேட்காத நாலைந்து வீட்டார் தங்கள் உறவுக்காரர் வீடுகளைச் சொன்னார்கள். இந்த இக்கட்டிலும் மனுஷன் தன் பரீட்சைகளை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் ரேடியோ சத்தம் அதிகம். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பாத்திரத்தை வீசிப் பேசிக்கொள்கிறார்கள். ஓரிக்கையில் ஒரு நல்ல குடும்பம் இருந்தது. அங்கே ஆற்றுக் காற்று, கோர்வையின் மார்புக்கு ஆகாது என்றார். நாட்கள் ஓடின. எனக்கு அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மூட்டை கட்டுவதற்குள் மஞ்சள் காமாலை வந்து படுத்தேன். பிணைச்சல்காரர் என்னைக் கீழ்க்கூடத்துக்கு இறக்கிக் கொண்டுவந்து கோர்வையின் கூடைக்குப் பக்கத்தில் பாய் போட்டார். கீழாநெல்லியை அரைத்து எனக்கு மோரில், கோர்வைக்கு வேறு என்னவோ. இரண்டு பேருக்கும் ஒரே வேளைக்கு மருந்து, ஒரே குரலில் அதட்டல். காலையில் வந்து முதலில் அதன் கண்ணை விரித்துப் பார்ப்பார், பிறகு அதே சாம்பல் விரலால் என் இமையைத் தூக்கி மஞ்சள் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். நான் பலவீனமாக ஆட்சேபித்தேன். கோர்வை ராத்திரியில் என் கால்மாட்டில் ஏறிப் படுத்துக்கொண்டது. தள்ளிவிடத் தெம்பில்லை என்று இதுநாள்வரை சொல்லி வருகிறேன்.

அமாவாசை வந்தது. காலையிலேயே எதிர்வீட்டு முதலாளி கோணியோடு வாசலில் நின்றார். பிணைச்சல்காரர் கூடத்தில் உட்கார்ந்து வேட்டியிலிருந்து ஒரு சாண் கிழித்துக்கொண்டிருந்தார்.

"கோணி வேணாம் முதலாளி. வூடு கெடச்சிடுச்சி."

"எங்கே?"

அவர் என்னைக் காட்டினார். நான் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"அண்ணே, எனக்குப் பூனைன்னாலே ஆகாது. நாலு வருஷமா உங்களுக்குத் தெரியாதா? நான் மாற்றல்ல போற ஆளு வேற."

"தெரியும்பா. நாலு வருஷமா பாத்துக்கினுதான் இருக்கேன். தெனம் திட்டுவே. ஆனா மாடிக் கதவத் தொறந்து வெச்சிக்கினு திட்டுவே. மழை நாள்ல எல்லாம் உன் ரூம்லதான் படுத்துனு இருந்துச்சுங்க."

முதலாளி கோணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். பூனையை நம்பலாம், இந்தக் குமாஸ்தாவை நம்பலாமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். கோர்வைதான் இருமியது.

பிணைச்சல்காரர் திண்டிவனத்துக்கு மூன்று தடவை வந்தார். வந்ததும் கோர்வையின் கண், பிறகு என் இமை. இரண்டாவது தடவை எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. என் மனைவியிடம் எத்தனை மணிக்குச் சோறு வைப்பீங்கமா, கோவம் வந்தா இன்னா பண்ணுவீங்க என்று விசாரித்தார். அவள் என்னைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து நாணிக்கொண்டே பதில் சொன்னாள். மூன்றாவது தடவை பஸ் ஏறும்போது, போதும்பா, அது இனிமே உன் பூனை என்றார். எனக்கு எம்.ஏ. பாஸ் பண்ணியதுபோல் இருந்தது.

கோர்வை ஐந்து வருஷம் இருந்தது. போனபோது ஒரு கார்டு எழுதிப் போட்டேன். எழுதும்போது அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அடுத்த வாரம் பிணைச்சல்காரர் வந்து நின்றார். துணியை வாங்கிப் போக வந்திருக்கிறார் என்று, துவைத்து வைத்திருந்த அந்த ஒரு சாண் துணியை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. என்னை ஜன்னல் பக்கம் திருப்பி, இமையைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் இல்ல என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த வருஷமும் வந்தார். அதற்கடுத்த வருஷமும் வந்தார். மூன்று தடவைக்கு மேல் யார் வீட்டையும் அவர் பார்க்கப் போனதில்லை என்று காஞ்சிபுரத்தில் சத்தியம் பண்ணுவார்கள். என் வீட்டுக்கு, முடிந்த மட்டும் வந்துகொண்டே இருந்தார். இப்போதெல்லாம் உடம்புக்கு வந்தால் கண்ணாடி முன்னால் நின்று நானே இமையைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன். அவர் பார்க்கிற மாதிரி வரவில்லை.