தானாக அடித்த ஹாரன்

"உள்ளங்கை நுழையல" என்றார் பணிமனை மேலாளர்.

ஓட்டுநரின் வயிற்றுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவில் மேலாளரின் நான்கு விரல்கள் மட்டும் மாட்டிக்கொண்டு தவித்தன.

"மூச்சை விட்டுப் பாருங்க."

"விட்டுட்டுத்தான் சார் உட்கார்ந்திருக்கேன்."

"அப்ப சரி. விதிப்படி ஒரு உள்ளங்கை இடம் வேணும். ஒரு மாசம் தர்றேன். அப்பவும் நுழையலைன்னா விசாரணைக் கவுண்டர்ல போய் உட்காருங்க. அங்க எவ்வளவு தொப்பை இருந்தாலும் மேஜை மறைச்சுடும்."

ஓட்டுநருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பதினோரு வருடமாக ஒரே பேருந்து. ஒரு கீறல் கிடையாது. அந்த வண்டியை இன்னொருவன் தொட்டால் தன் தோளில் கை வைத்த மாதிரி முறைப்பார். அவரைக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, ஓட்டை வழியாக ஊர் மக்களிடம் திட்டு வாங்கச் சொன்னால்?

"வண்டியை ஓட்டறது கையா, வயிறா?" என்று வீட்டுக்கு வந்து குதித்தார். அந்தக் குதிப்பு எதிர் வீடு வரை கேட்டது.

மனைவி அலட்டிக்கொள்ளவில்லை. மறுநாளே உணவு ஆலோசகியிடம் போய் ஒரு தாளோடு வந்தாள். சர்க்கரை கூடாது, பொரித்தது கூடாது, வெள்ளை ரொட்டி கூடாது. பாதி அவகாடோ, ஒரு கைப்பிடி வால்நட், மீன், சாலட்டில் ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய்.

"கொழுப்பைக் குறைக்கக் கொழுப்பா? யாருகிட்ட கதை விடற?"

"இது நல்ல கொழுப்பு. வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், கண்டதையும் தின்னத் தோணாது. உங்ககிட்ட இருக்கறது வேற. வாய்க் கொழுப்பு."

ரோஷம் வந்துவிட்டது மனிதருக்கு. அன்றே ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் சும்மா இருந்தாரா? பணிமனை முழுக்கத் தண்டோரா போட்டார். "ஒரே மாசம்! வயிறு எங்கன்னு தேடுவீங்க!" கேட்டவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஞாயிறுதோறும் அவர் வண்டிக்கு சர்வீஸ் பார்க்கும் மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்பானர் என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் பணிமனையில் அவனைத் தெரியும். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிறவன். "நல்லதுண்ணே" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

முதல் வாரம் நாக்கைக் கட்டிப் போட்டு, திங்கட்கிழமை கம்பீரமாக ஏறி உட்கார்ந்தார். தொப்பை ஸ்டீரிங்கில் போய் ஒட்டியது. போதாக்குறைக்குக் கண்ணாடியில் பின்னால் வரும் சாலை தெரியவில்லை. ஒரு மரம்தான் தெரிந்தது.

"கண்ணாடியை யாரு திருப்பினது?"

"எனக்கு வேற வேலை இல்லையாண்ணே?" என்றாள் நடத்துநர், டிக்கெட் பையை மாட்டிக்கொண்டே. "பட்டினி கிடந்து பார்வை மங்கிடுச்சோ என்னவோ."

வாரம் முழுக்க வால்நட்டை ஒவ்வொன்றாக எண்ணித் தின்றார். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். அடுத்த திங்கட்கிழமை தொப்பை இன்னும் அழுந்தியது. முழங்காலும் போய் முன்பலகையில் இடித்தது.

வீட்டுக்குப் போன் போட்டார். "பார்த்தியா உன் நல்ல கொழுப்பு பண்ற வேலையை! வயித்துல இடம் பத்தாம இப்ப தொடைக்கு இறங்கிடுச்சு!"

"நேத்து எடை மூணு கிலோ குறைஞ்சிருந்துதே?"

"அந்த மெஷினைத் தூக்கி எறி. ஸ்டீரிங் பொய் சொல்லாது!"

பேன்ட்டும் இடுப்பில் நிற்காமல் இறங்க ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் தெருவுக்கே மிட்டாய் கொடுத்திருப்பார்கள். இவர் மனைவி மேல் பாய்ந்தார்.

"எனக்குத் தெரியாம பிரிச்சுத் தைச்சிருக்க! ஆறுதல் சொல்றியா?"

"உங்க பேன்ட்டைப் பிரிச்சுத் தைக்கறதுக்கு உள்ள துணி ஏது? இருந்ததையெல்லாம் போன வருஷமே விட்டாச்சு!"

நம்பவில்லை. காலைச் சாப்பாட்டையும் நிறுத்தினார். ஆலோசகி எழுதாததை எல்லாம் செய்தால் பசி வரும். பசி வந்தால் கோபம் வரும். கோபம் வந்தால் அவருக்கு மூச்சு பெரிதாக வாங்கும். அங்கேதான் வினை பிடித்தது.

மூன்றாவது திங்கட்கிழமை, மருத்துவமனை வாசலில், குறுக்கே வந்த சைக்கிள்காரனைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட எண்ணி நெஞ்சு நிறைய இழுத்தார். பேருந்து அலறியது.

"அண்ணே! ஹாரன் அடிக்காதேன்னு இவ்வளவு பெரிய பலகை வெச்சிருக்காங்க!"

"நான் அடிக்கலம்மா!"

"பின்ன, பஸ்ஸா அடிச்சுக்குது?"

அடித்தது வயிறு. ஸ்டீரிங்கின் நடுவில் இருந்த பொத்தானைச் சரியாகக் குறி பார்த்து அமுக்கியிருந்தது. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? பேசாமல் வயிற்றை எக்கிக்கொண்டு ஓட்டினார். ஒரு தெரு தாண்டும் வரைதான் எக்க முடிந்தது. பள்ளிக்கூட வாசலில் மொத்தமாக விட்டார். ஹாரன் நீளமாக அழுதது. தும்மினால் ஹாரன். கொட்டாவி விட்டால் ஹாரன். நடத்துநர் ஏதோ கேலி சொல்ல, பயணிகள் சிரிக்க, கோபத்தில் அவர் மூச்சு வாங்க, பாம் பாம் பாம் என்று கடைசி நிறுத்தம் வரை ஊர்வலம்தான். மாலைக்குள் மேலாளர் மேஜையில் இரண்டு புகார்கள்.

அன்று ஆலோசகியையே போனில் பிடித்தார். "உங்க அவகாடோவால என் பிழைப்பே போகப்போகுது, தெரியுமா?"

"சார், உங்க இடுப்பு மூணு அங்குலம் குறைஞ்சிருக்கறதா உங்க வீட்டம்மா அளந்து சொன்னாங்களே?"

"நீங்க ரெண்டு பேரும் கூட்டு!"

நான்காவது திங்கட்கிழமை. சோதனை. ஓட்டுநர் இருக்கையில் ஏறவில்லை, செருகிக்கொண்டார். மேலாளர் உள்ளங்கையை நீட்டினார். நுழையவில்லை. விரலை நீட்டினார். அதுவும் இல்லை. கடைசியில் கையிலிருந்த மாற்றல் உத்தரவின் ஓரத்தைச் செருகிப் பார்த்தார். தாள் மடங்கியது.

"போன மாசம் நாலு விரலாவது போச்சு. டயட்டுன்னு சொல்லிட்டு என்னய்யா பண்ணீங்க?"

"என்ன பண்ணினேனா?" ஓட்டுநர் வெடித்தார். ஹாரனும் கூடவே வெடித்தது. "ஒரு மாசமா நாக்கைச் சாகடிச்சு வெச்சிருக்கேன் சார்! இலை தழை தின்னேன்! பச்சை எண்ணெயைக் கரண்டி கரண்டியா முழுங்கினேன்! இதுக்கு மேல என்ன, வயித்தைக் கழட்டி வீட்ல வெச்சுட்டு வரணுமா?"

பேசிக்கொண்டே முழங்காலை உருவி, இருக்கையிலிருந்து எழுந்து, படியில் இறங்கி நின்றார். நின்ற வேகத்தில் பெல்ட்டையும் மீறிப் பேன்ட் முழங்கால் வரை நழுவியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டி நியாயம் கேட்டார்.

மேலாளர் நழுவிய பேன்ட்டைப் பார்த்தார். ஸ்டீரிங்கைப் பார்த்தார். மறுபடி பேன்ட்டைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திறந்தவர் கையெழுத்துப் போடாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்து, வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் ஊர்ந்து வெளியே வந்தான். ஓட்டுநரின் இடுப்பைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் பல். அதுவரை யாரும் கேட்டிராத அளவுக்கு நீளமாகப் பேசினான்.

"நான் கணக்குப் போட்ட மாதிரியே கரைஞ்சுட்டீங்கண்ணே! வயிறு வளர்ந்த அஞ்சு வருஷமும் சீட்டைக் கழட்டிக் கழட்டிப் பின்னாடி நகர்த்தினவன் நான்தானே, இப்ப ஒல்லியானா ஸ்டீரிங் எட்டாதேன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சீட்டை ஒரு துளை முன்னாடி தள்ளிட்டேன். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, அதையும் இப்பவே தள்ளிடட்டுமா?"