எண்ணூர் எடைமேடையும் என் மென்பொருளும்

எனக்கு இன்றுவரை ஒரே ஒருவன் மேல்தான் தீராத கோபம். அவனுக்கு இருபத்து மூன்று வயது. கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டான். அவன் வேறு யாருமில்லை, நான்தான்.

எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே லாரியை எடை போடும் மேடையைக் கணினியோடு பேச வைக்கும் சின்ன மென்பொருளை எழுதியவன் நான். மேடையின் ஒயரைப் பிடுங்கினால், என் மென்பொருள் முதலில் எண்கள் வருவதை நிறுத்த வேண்டும். பாதி வழியில் இருக்கும் எண் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகே, அந்த எண்களை வைக்கக் கணினியிடம் வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் கடைசி வேலையை முதலில் செய்திருந்தேன். ஆபீஸ் மேஜையில் எடை காட்டும் கருவியை மட்டும் வைத்து, எடையே இல்லாமல் நூறு தடவை பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. (எண்ணே வராத இடத்தில் என்ன ஆகும்?)

யார்டில் எடை போடுபவர் ஷகீலா, தண்டையார்பேட்டைக்காரர். கடல் காற்றில் ஒயர் முனையில் உப்புப் பூத்தால் திரையில் எண் தாறுமாறாக ஆடும். உடனே பிடுங்கி, துப்பட்டாவால் துடைத்துச் செருகுவது அவர் வழக்கம். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. (நான் கேட்டால்தானே.)

என் மென்பொருள் ஓடிய முதல் நாள் நானும் யார்டில் இருந்தேன். அன்று மேடையேறிய டிரெய்லரை ஓட்டி வந்தது என் நைனா. நாலு மணிக்குத் துறைமுக கேட் மூடுவதற்குள் பெட்டி உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் போய்விடும். மகன் எழுதியதில் எடை போடப்போவதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். எண் ஆடியது. ஷகீலா பிடுங்கினார். திரை உறைந்தது.

யாரைக் கேட்டுப் பிடுங்கினீர்கள் என்று அவரிடம் கத்தினேன். கணினி மறுபடி எழுந்துவரக் கால் மணி நேரம். முறையாகப் பிடுங்குவது எப்படி என்று காட்டுகிறேன் பேர்வழி என்று நானே பிடுங்கினேன். உறைந்தது. வெட்கங்கெட்டவன், இன்னொரு தடவையும் பிடுங்கினேன். லாரி வரிசை மெயின்ரோட்டைத் தொட்டது. எடைச் சீட்டு இல்லாமல் நைனாவால் நகர முடியாது.

கடைசியில் மடிக்கணினியைத் திறந்து நான் எழுதியதையே படித்தேன். எண் வந்துகொண்டிருக்கும்போதே இடத்தைக் காலி செய்துவிட்டேன் போல என்று முணுமுணுத்தேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஷகீலாவுக்குப் பொறுக்கவில்லை.

"லாரி மேல நின்னுகினு கீது, நீ மேடைய கழட்டிகினு கீற. இதுல என்னிய வேற கத்துற. லாரி எறங்கிச்சான்னு பாத்துட்டு கழட்ட மாட்ட?"

ஆபீசில் எவனும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நாலைந்து வரிகளை முன்பின்னாக மாற்றினேன், சரியாகிவிட்டது. மணி நாலே கால்.

கப்பல் போய்விட்டது. லாரி முதலாளி அத்தனை பேர் முன்னாலும் நைனாவைத் திட்டினார். நைனா என் பெயரைச் சொல்லவே இல்லை. ஏன் என்று வீட்டில் கேட்டேன்.

"சொல்லிருந்தா உன் வேல பூடும்டா" என்றார்.

மறுநாள் போய் ஷகீலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். நைனாவிடம் கேட்க வாய் வரவில்லை. என் மேல் எனக்கிருக்கும் அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

வெளியே காட்டிக்கொடுக்காத மனிதர் வீட்டில் மட்டும் விடுவதே இல்லை. என் தட்டை எடுக்க அம்மா கை நீட்டினால், லாரி எறங்கிச்சா கேளு என்பார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். போன வாரம் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே இருக்கும் சுவிட்சில் குளியலறை விளக்கை அணைக்கப் போன என் நாலு வயது மகள், கதவைத் தட்டிக் கேட்டாள்.

"அப்பா, லாரி எறங்கிச்சா?"

நூறு தடவை பிடுங்கிப் பார்த்தானே, அந்த இருபத்து மூன்று வயதுக்காரனுக்கு ஒரு தடவைகூட இப்படிக் கேட்கத் தோன்றவில்லை.